மூச்சை மீட்டல்: சிறுவர் அவசர உயிர்காப்புப் பயிற்சியின் வரலாறும் மலைநாட்டுச் சிறு வைத்தியசாலையும்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து குருநாகல் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், இரு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்துள்ள ஊர் கலகெதர. மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் வாயில் அது. கண்டி இராச்சியத்தின் காவலரண்கள் பலவும் இத்தகைய வாயில்களிலேயே அமைந்திருந்தன. 1803ஆம் ஆண்டு பெப்புருவரியில் ஜெனரல் மக்டொவல் தலைமையில் வந்த பிரித்தானியப் படை, கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த அரண்களைக் கைப்பற்றிய பின்னரே தலைநகரை அடைந்தது. இலங்கை வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்ச்சியின் பொருட்டே இடம்பெறுகின்றது. எனினும் ஒரு வாயிலின் வரலாறு போரோடு முடிந்துவிடுவதில்லை. சுற்றுப்புறக் கிராமங்களிற் குழந்தையொன்று நள்ளிரவில் மூச்சுத்திணறினாலும், வலிப்புற்றாலும், கிணற்றிலிருந்து தூக்கப்பட்டாலும் பெற்றோர் முதலில் ஓடிவருவது கலகெதர அரசாங்க வைத்தியசாலைக்கே. பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலை சிறப்பு வைத்தியர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உடையது. ஆனால் அது மலைப்பாதையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஒட்சிசன் முற்றாகத் தடைப்பட்டால் மனித மூளை நான்கு அல்லது ஆறு நிமிடங்களுக்கு மேற் பழுதுறாது தாங்கமாட்டாது. இவ்விரு அளவுகளையும் அருகருகே வைத்து நோக்கினால், அக்குழந்தையின் கதி பேராதனையிலே தீர்மானிக்கப்படுவதில்லை என்பதும், கலகெதரவில் அவ்வேளை கடமையிலிருக்கும் ஒரு வைத்தியர், ஒரு தாதி, ஒரு சிற்றூழியர் ஆகியோரின் கைகளிலே தங்கியுள்ளது என்பதும் புலனாகும்.

அக்கைகளுக்கு அவ்வறிவு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அது ஒரு நேர்கோட்டு வரலாறன்று. கண்டறியப்பட்டு, மறக்கப்பட்டு, மீண்டும் கண்டறியப்பட்ட அறிவு இது. இன்னும் ஓரிடத்தில் தவறெனத் திருத்தப்பட்டும் இருக்கின்றது.

முதற்கண் குழந்தைகளுக்கெனத் தனிப் பயிற்சி எதற்கு என்னும் வினாவுக்கு விடை காணவேண்டும். வளர்ந்தோரில் இதயம் திடீரென நிற்பது பெரும்பாலும் இதயத்தின் நோயினாலேயே நிகழ்கின்றது. குழந்தையின் இதயமோ பொதுவாக நலமுடையது. அது நிற்குமாயின் இறுதியாகவே நிற்கும். நியுமோனியா, ஆஸ்த்துமா, தொண்டையிற் சிக்கிய விதை, நீரில் மூழ்குதல், வயிற்றோட்டம், டெங்கு முதலியவற்றால் மூச்சோ இரத்தோட்டமோ படிப்படியாகத் தளர்ந்து, உடலில் ஒட்சிசன் குன்றிய பின்னரே இதயம் ஓய்கின்றது. அவ்வாறு ஓய்ந்த இதயத்தை மீண்டும் இயக்குவது அரிது. இயக்கினாலும் மூளை பழுதுற்றிருக்கும். ஆதலால் குழந்தை வைத்தியத்தில் உயிர்காப்பு என்பது நின்ற இதயத்தை அழுத்துவதை மட்டும் குறிப்பதன்று. நிற்பதற்கு முந்திய அரைமணியை அடையாளங் காண்பதே அதன் பெரும்பகுதி. குழந்தை விரைவாக மூச்சுவிடுகின்றதா, விலாவெலும்புகளின் இடைவெளி உட்குழிகின்றதா, முனகுகின்றதா, கைகால்கள் குளிர்ந்துள்ளனவா, தாயை அறிகின்றதா என்னும் எளிய வினாக்களே அங்கு முதன்மை பெறுகின்றன. மூச்சு விரைவாயிருந்த குழந்தையின் மூச்சு மெதுவாவதைக் கண்டு, தேறிவிட்டதென மகிழ்வது பயிற்சியற்றோர் செய்யும் பெரும்பிழைகளுள் ஒன்று. அது தேறுதலன்று, களைத்துவிட்டமையின் அடையாளம்.

மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முறை பழமையானது. 1732ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றிற் புகையால் மூர்ச்சித்த தொழிலாளி ஒருவரை வில்லியம் தொசாக் என்னும் சத்திரவைத்தியர் இம்முறையால் உயிர்ப்பித்து, 1744இல் அதனை எழுதி வெளியிட்டார். 1740இல் பாரிசு விஞ்ஞானக் கழகம் நீரில் மூழ்கியோருக்கு இதனை விதந்துரைத்தது. 1767இல் அம்ஸ்ரடாமிலும் 1774இல் இலண்டனிலும் மூழ்கியோரை மீட்பதற்கெனச் சங்கங்கள் தோன்றின. வாணிபக் கால்வாய்களும் துறைமுகங்களும் நிறைந்த நகரங்களில் இத்தகைய சங்கங்கள் எழுந்தமை இயல்பே. ஆனால் கற்றோருக்கு இம்முறையில் விருப்பு நிலைக்கவில்லை. பிறர் வெளிவிட்ட மூச்சு கெட்ட காற்று என்னும் எண்ணம் பரவியது. துருத்தி அதன் இடத்தைப் பெற்றது. துருத்தியால் மிகையாக ஊதினால் சுவாசப்பை கிழியக்கூடும் என்று 1820களின் இறுதியில் லெருவா என்னும் பிரெஞ்சு வைத்தியர் விலங்குகளிற் காட்டியபோது துருத்தியும் கைவிடப்பட்டது. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகக் கைகளை உயர்த்தியும் முதுகை அழுத்தியும் மூச்சுண்டாக்க முயலும் முறைகளே நூல்களை ஆண்டன. 1858இல் சில்வெஸ்ரர், 1932இல் ஹோல்கர் நீல்சன் ஆகியோர் வகுத்தவை இவ்வகையின. இவ்விடைக்காலத்திலும் பிறந்தவுடன் அழாத சிசுவின் வாயில் ஊதும் வழக்கத்தை மருத்துவிச்சிகள் விட்டாரல்லர். கற்ற வைத்தியர் அதனைப் பாமரர் முறையென்று எண்ணினர். உண்மையில் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவில் ஒட்சிசன் எஞ்சியிருக்கின்றது. வளியில் உள்ளது இருபத்தொரு பங்கு. ஓர் உயிரைத் தாங்க அப்பதினாறு போதும். பாமரரின் கை சரியாகவும் நூலோரின் கருத்துப் பிழையாகவும் இருந்த காலமென இதனைக் கூறலாம்.

இதே காலத்தில் இலங்கையின் நிலை என்ன என்பது நோக்கத்தக்கது. 1858இல் குடிசார் வைத்தியத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1870இல் கொழும்பு மருத்துவப் பாடசாலை தொடங்கியது. இவற்றுக்கும் முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்திய மாணாக்கரைப் பயிற்றத் தொடங்கியிருந்தார். ஆங்கிலத்திற் கற்றோர் ஊரைவிட்டு அரசாங்க உத்தியோகங்களுக்குச் செல்வதைக் கண்ட கிறீன், 1860களிற் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். பிரசவ வைத்திய நூலொன்று 1857இலும் 'இரண வைத்தியம்' 1867இலும் தமிழில் வெளிவந்தன. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், இரசாயனம் ஆகியனவும் தொடர்ந்தன. 1873இல் கிறீன் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் மானிப்பாயிற் பயிற்சி பெற்றிருந்தனர். பயிற்சியின் மொழி எதுவோ அதுவே பயிற்சி பெற்றவர் எங்கு நின்று தொழில் செய்வார் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கும் என்னும் உண்மையை அவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டார்.

மலைநாட்டின் கதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் வழியிலும் லயங்களிலும் பெருந்தொகையாக மாண்டனர். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கியது. ஆயினும் தோட்டங்களில் வந்தமர்ந்தவர் பெரும்பாலும் ஒரு மருந்தாளரே. வாந்தி, காய்ச்சல், புண் ஆகியவற்றுக்கு அவரிடம் மருந்து இருந்தது. மூச்சுத்திணறும் சிசுவுக்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது, தோட்டப்புறச் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியை விட மிக உயர்ந்து நின்றமை அந்தப் பழைய இடைவெளியின் தொடர்ச்சியே.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயே திருப்புமுனை. ஏறத்தாழ 80,000 பேர் மாண்ட அக்கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய மலையடிவாரங்களையும் கடுமையாகத் தாக்கியது. கலகெதர வாயிலுக்குக் கீழே கிடக்கும் நிலமே அது. 1935இல் உயிருடன் பிறந்த 1,000 சிசுக்களுள் 263 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1946இல் அவ்வெண் 141, 1950இல் 82, இன்று பத்துக்கும் குறைவு. இவ்வீழ்ச்சிக்கு டீ.டீ.ரீ. மருந்தும், இலவச வைத்தியமும், பெண்கல்வியும் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. அவற்றோடு ஒப்பவைத்து எண்ணப்படவேண்டியது 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், அதன் வழியே கிராமந்தோறும் நடந்துசென்ற மருத்துவிச்சிகளின் பயிற்சியுமாம். பெரிய வைத்தியசாலைகளைக் கட்டுவதற்கு முன்பே, கடைநிலை ஊழியரைப் பயிற்றுவதால் மரணத்தைக் குறைக்கலாம் என்பதை இலங்கை அக்காலத்திலேயே செய்து காட்டியது. உலக நாடுகள் பின்னர் இலங்கையை உதாரணமாகக் கொண்டமைக்கும் இதுவே காரணம்.

மேலைநாடுகளில் மறந்த மூச்சு மீண்டது இரண்டாம் உலகப்போரின் பின்னராகும். 1946இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, நீலம்பாய்ந்த நிலையில் அவசரமாகத் தள்ளிவரப்பட்ட ஒரு குழந்தையின் மூக்கில் ஜேம்ஸ் ஈலம் என்னும் வைத்தியர் தம் மூச்சை ஊதினார்; குழந்தையின் நிறம் திரும்பியது. பழைய நூலொன்றில் தாம் படித்திருந்ததையே அவர் செய்தார். பின்னர் பீற்றர் சஃபாருடன் இணைந்து, மருந்தினாற் செயலிழக்கச் செய்யப்பட்ட தொண்டர்களில் ஒட்சிசன் அளவை அளந்து, கைகளை உயர்த்தும் முறை பயனற்றது என்பதையும், தலையைப் பின்சாய்த்து நாடியை உயர்த்தி ஊதுவதே பயனுடையது என்பதையும் 1958இல் நிறுவினர். 1952இல் வேர்ஜீனியா அப்கார் பிறந்த சிசுவை நோக்குவதற்கென ஐந்து குறிகளையுடைய புள்ளித் திட்டமொன்றை வகுத்திருந்தார். அதுவரை பிரசவ அறையில் எல்லோருடைய கண்ணும் தாயிடமே இருந்தது. புள்ளியிடவேண்டும் என்றபோது யாரோ ஒருவர் சிசுவையும் பார்த்தாகவேண்டியிருந்தது. அத்திட்டத்தின் பெரும்பயன் அதுவே எனலாம்.

மார்பை அழுத்தும் முறைக்கும் இத்தகையதொரு மறதி உண்டு. ஜேர்மனியின் கேற்றிங்கன் நகரிற் பிரீட்ரிக் மாஸ் என்னும் இளம் வைத்தியர், குளோரோபோம் மயக்கத்தில் இதயம் நின்ற ஒரு சிறுவனின் மார்பை விரைந்து அழுத்தி மீட்டதை 1892இல் எழுதினார். மெதுவாக அழுத்தியபோது பயன் கிட்டவில்லை என்பதையும், நிமிடத்துக்கு 120 முறை அளவில் அழுத்தியபோதே நாடி மீண்டது என்பதையும் அவர் கவனித்திருந்தார். இன்றைய விதியும் 100 முதல் 120 வரையே. ஆனால் அவ்வெழுத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. 1960இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன் என்னும் மின் பொறியியலாளரும், ஜூட், நிக்கபொக்கர் ஆகியோரும் அதே முறையை வெளியிட்டபோதுதான் உலகம் ஏற்றது. மின்னதிர்ச்சித் தகட்டை நாயின் மார்பில் அழுத்துகையில் இரத்த அழுத்தம் சற்று உயர்வதை நிக்கபொக்கர் தற்செயலாகக் கண்டதே தொடக்கம். அதே ஆண்டில் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லார்டல் பயிற்சிப் பொம்மையைச் செய்தார். நீரில் மூழ்கவிருந்த தம் மகனைத் தாமே மீட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. மனித உடலிற் பழகமுடியாததைப் பொம்மையிற் பழகலாம் என்பதே அவருடைய பங்களிப்பு. பொம்மை இல்லாதிருந்தால் இக்கல்வி விரிவுரையாகவே நின்றிருக்கும்.

சஃபாரின் வாழ்விலும் ஒரு துயரம் உண்டு. 1966இல் அவருடைய 11 வயது மகள் எலிசபெத் ஆஸ்த்துமாவால் மூச்சடைத்து இறந்தாள். இதயத்தை மீட்கமுடிந்தும் மூளையை மீட்க இயலவில்லை. உலகுக்கு மூச்சளிக்கும் முறையைக் கற்பித்தவரின் பிள்ளைக்கு அம்மூச்சு உரிய நேரத்திற் கிட்டவில்லை. மறு ஆண்டிலேயே அவர் பிற்ஸ்பேர்க் நகரில் வேலையற்ற கறுப்பின இளைஞர்களைப் பயிற்றி, 'பிரீடம் ஹவுஸ்' என்னும் நோயாளர் ஊர்திச் சேவையை அமைக்க உதவினார். வைத்தியர் அல்லாதாரும் இவ்வித்தையைச் செம்மையாகச் செய்யமுடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

கலகெதர போன்ற இடங்களுக்கு மிக நெருங்கிய வரலாறு 1976ஆம் ஆண்டினது. அவ்வாண்டு பெப்புருவரியில் ஜேம்ஸ் ஸ்ரைனர் என்னும் எலும்பு வைத்தியர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில் வீழ்ந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் கடுங்காயமுற்றனர். அருகிலிருந்த கிராமிய வைத்தியசாலைக்கு அவர்களைக் கொண்டுசென்றபோது, அங்கிருந்தோர் எதை முதலிற் செய்வது என்று அறியாதிருந்தனர். அவர்களிடம் அன்பும் அறிவும் இருந்தன; ஒழுங்கு மட்டும் இருக்கவில்லை. 1978இல் அதே மாநிலத்தில், கிராமிய வைத்தியருக்கெனக் காயசிகிச்சைப் பயிற்சியொன்று தொடங்கியது. முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அதனையடுத்து இரத்தோட்டம், பின் மூளையின் நிலை, இறுதியில் உடல் முழுவதையும் திறந்து நோக்கல் என்னும் வரிசை அதன் உயிர். நோய் யாதெனத் தெரியாவிடினும் சிகிச்சை தொடங்கலாம் என்பது வைத்தியக் கல்வியின் பழைய மரபுக்கு மாறானது. வரலாறு கேட்டு, உடலைச் சோதித்து, நோயை நிர்ணயித்து, பின்னரே மருந்து என்பதே ஒவ்வொரு மாணாக்கனும் கற்ற ஒழுங்கு. மூச்சுவிடாத குழந்தைக்கு அவ்வொழுங்கு உதவாது.

சிறுவருக்கான விதிகளை அமெரிக்க இதயச் சங்கம் முதன்முதலாக 1980இல் வெளியிட்டது. 1988இற் சிறுவர் மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சியைத் தொடங்கியது. பிரித்தானியாவில் மன்செஸ்ரரை மையமாகக் கொண்ட குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு இணையான பயிற்சியொன்றை வகுத்தனர். இவையாவும் வளம் மிக்க நாடுகளின் வைத்தியசாலைகளை மனத்திற்கொண்டு எழுந்தவை. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில், பிளாந்தயர் நகர வைத்தியசாலையில், எலிசபெத் மொலினொ என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் வேறொரு வினாவை எழுப்பினர். நீண்ட வரிசையில் நூற்றுக்கணக்கான தாய்மார் காத்திருக்கையில், எந்தக் குழந்தை வரிசையிலேயே இறந்துவிடும் என்பதை முதலில் அறிவது யார்? வாயிலில் நிற்கும் காவலாளியும் எழுதுவினைஞரும் கூட அபாயக் குறிகளை அறிந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை. வரிசையை ஒழுங்குபடுத்தி, அவசரக் குழந்தைகளை முதலில் எடுத்ததன் பின்னர், அங்கு அனுமதிக்கப்பட்ட குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இருந்த நிலையிலிருந்து 6 முதல் 8 வரை குறைந்தது. இம்முறையை உலக சுகாதார தாபனம் ஏற்று, 2005இற் பயிற்சிக் கைந்நூலாக வெளியிட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

இப்பயிற்சிகளுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 2011ஆம் ஆண்டினது. அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு நாளத்தின் வழியே விரைவாகத் திரவம் செலுத்துக என்பது அதுவரை ஐயமின்றிக் கற்பிக்கப்பட்ட விதி. உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளிற் கடுங்காய்ச்சலும் இரத்தோட்டக் குறைவும் உடைய 3,141 குழந்தைகளில் அவ்விதி ஆராயப்பட்டது. விரைவாகத் திரவம் பெற்றோருள் 48 மணிநேரத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெறாதோருள் ஏழு பேர் அளவிலேயே இறந்தனர். ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. நற்கருத்தோடு கற்பிக்கப்பட்ட விதி, தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் உயிர் வாங்கியிருக்கின்றது. வயிற்றோட்டத்தால் வற்றிய குழந்தைகள் அவ்வாய்வில் இடம்பெறவில்லையாதலின் அவர்களுக்கு அம்முடிவு பொருந்தாது. ஆனால் வளமுள்ள நாட்டின் விதியை அவ்வாறே பெயர்த்துக் கொண்டுவரலாகாது என்பதை அது ஐயத்துக்கிடமின்றி உணர்த்தியது. பின்வந்த பயிற்சி நூல்கள் சிறிய அளவாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் குழந்தையை மீளச் சோதிக்கும்படி திருத்தப்பட்டன.

இலங்கையில் இப்பாடம் டெங்குவின் வடிவில் வந்தது. டெங்குக் குருதிப்பெருக்கில் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும் கட்டம் ஒன்று அல்லது இரண்டு நாள் நீடிக்கின்றது. அப்போது திரவம் குறைந்தாலும் மரணம், மிகுந்தாலும் மரணம். தாய்லாந்து வைத்தியர்களின் அனுபவத்தைத் தழுவி மணிக்கு மணி அளந்து கொடுக்கும் முறை இலங்கையிலும் கைக்கொள்ளப்பட்டது. தேசிய வழிகாட்டிகள் வெளியிடப்பட்டுத் தாதியரும் வைத்தியரும் நாடெங்கும் பயிற்றப்பட்டனர். 2009இல் ஏறத்தாழ 35,000 நோயாளருள் 346 பேர் இறந்தனர். 2017இல் நோயாளர் தொகை 186,000ஐத் தாண்டியது. இறந்தோர் 440 பேர் அளவினர். நோய் ஐந்து மடங்குக்கு மேற் பெருகியும் மரணம் அவ்விகிதத்தில் ஒரு சிறு பங்கே கூடியது. தடுப்பூசியோ புதிய மருந்தோ இடையில் வந்து உதவவில்லை. கட்டிலருகே ஓர் அளவுத்தாளும், அதை நிரப்பத் தெரிந்த தாதியும் இருந்ததே வேறுபாடு.

கண்டிப் பிரதேசத்துக்கு இத்துறையிற் சொந்த வரலாறும் உண்டு. 1962இற் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவபீடம் தொடங்கியது. கிருமிநாசினி அருந்தியோர் முதல் நாள் தேறியது போலத் தோன்றி, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் திடீரென மூச்சுத்தசைகள் சோர்ந்து இறப்பதற்கான காரணத்தை நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகியோர் 1987இல் உலகுக்கு எடுத்துக்காட்டினர். 'இடைநிலைக் குறித்தொகுதி' என வழங்கும் அது, மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களையும் வயல்களையும் அண்டிய வைத்தியசாலைகளின் அனுபவத்திலிருந்து எழுந்த கண்டுபிடிப்பு. தேறிவிட்டார் என்று கண்ணயரும் வேளையிலேயே மூச்சு நிற்கின்றது என்பது அதன் சாரம். சிறுவர் உயிர்காப்புக்கும் அது பொருந்துவது.

இன்று இத்தகைய பயிற்சியிற் கலந்துகொள்ளும் ஒரு தாதி கற்பவை எவை என்பதைச் சுருக்கமாக நோக்கலாம். குழந்தையின் நிறையை நிறுக்க நேரமில்லாதபோது வயதோடு நான்கைக் கூட்டி இரண்டாற் பெருக்கிக் கிலோகிராமில் மதிப்பிடுகின்றார். மூன்று வயதுப் பிள்ளை பதினான்கு கிலோகிராம் எனக் கொண்டு மருந்தின் அளவைக் கணிக்கின்றார். முகமூடியை மூக்குப்பாலத்துக்கும் நாடிக்கும் இடையே பொருத்தி, காற்றுப்பையை மெல்ல அமுக்கி, மார்பு உயர்வதைக் கண்ணாற் காண்கின்றார். சிசுவாயின் இரு கைகளாலும் மார்பைச் சூழப்பிடித்து இரு பெருவிரல்களாலும், மார்பின் கனத்தில் மூன்றிலொரு பங்கு தாழும்படி அழுத்துகின்றார். இருவர் இருப்பின் பதினைந்து அழுத்தங்களுக்கு இரண்டு மூச்சு. பிறந்த சிசுவுக்கு மூன்றுக்கு ஒன்று. றம்புட்டான் விதை சிக்கிய சிசுவைத் தலைதாழ்த்திக் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து அடியும், பின் மல்லாத்தி மார்பில் ஐந்து அழுத்தமும் கொடுக்கப் பழகுகின்றார். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்கச் செய்யலாகாது என்பதை அறிகின்றார். வயிற்றிலிருந்து மீண்டு வரும் எண்ணெய் சுவாசப்பையை அடையும்போதே கேடு மிகுகின்றது. இவற்றுள் எதுவும் கடினமான கல்வியன்று. கடினம், அதனை அதிகாலை மூன்று மணிக்கு, அலறும் தாயின் முன்னே, தவறாத ஒழுங்கிற் செய்வது. பொம்மையின் மீது திரும்பத் திரும்பப் பழகுவதன் நோக்கம் அதுவே.

பழகிய கை மறந்தும்விடுகின்றது. பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் திறன் தேயத் தொடங்குகின்றதென்பது பல நாடுகளிலும் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு. பெருநகர வைத்தியசாலையில் அவசர நோயாளர் நாள்தோறும் வருவதால் கை தானாகவே பழகிவிடும். சிறு வைத்தியசாலையில் மூச்சு நின்ற குழந்தை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அதனாலேயே அங்கு பழக்கம் குன்றுகின்றது, அதனாலேயே பயிற்சி அங்கு அதிகம் வேண்டப்படுகின்றது. இடமாற்ற முறையும் இதனோடு சேர்கின்றது. ஒரு வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றவர் ஓரிரு ஆண்டுகளில் வேறிடம் செல்ல, புதியவர் ஒருவர் அவ்விடத்துக்கு வருகின்றார். சான்றிதழ் தனியாளுக்கு உரியதாகி, வைத்தியசாலைக்கு எதுவும் எஞ்சாத நிலை இது. ஆண்டுக்கொருமுறை கண்டிக்கு அழைத்து இரு நாள் விரிவுரை நிகழ்த்துவதை விட, வார்ட்டின் மூலையில் ஒரு பொம்மையை வைத்து மாதந்தோறும் பத்து நிமிடம் பழகுவது பயன் தரும் என்பதே இன்று இத்துறையில் வலுப்பெறும் கருத்து. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கி, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த 1990 'சுவசெரிய' நோயாளர் ஊர்திச் சேவை, பயிற்சி பெற்ற ஊழியரை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்துள்ளது. இருப்பினும் மலைப்பாதையில் முச்சக்கரவண்டி பெரும்பாலும் முந்திவிடுகின்றது.

மொழியின் செய்தி இங்கே மீண்டும் எழுகின்றது. கலகெதரவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சிங்கள மக்களோடு தமிழ் பேசும் முஸ்லிம் மக்களும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அங்குள்ள ஜப்பார் மத்திய கல்லூரி அவர்தம் கல்வி வரலாற்றின் அடையாளம். அப்பால் மலைச்சரிவுகளிலே தோட்டத் தமிழ்மக்கள் உள்ளனர். உயிர்காப்பின் பொம்மைக்கு மொழி இல்லை. ஆனால் குழந்தையின் அபாயத்தை முதலிற் சொல்பவள் தாய். 'பிள்ளை கண் செருகிக் கிடக்குது', 'காலையிலிருந்து சலம் போகல்ல', 'நெஞ்சு குழி விழுது' என்னும் மூன்று கூற்றுகளும் பயிற்சிநூல் கூறும் மூன்று அபாயக் குறிகளேயாம்: மயக்கம், இரத்தோட்டக் குறைவு, மூச்சுத்தளர்ச்சி. அவற்றைக் கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிடின், அக்குறிகள் வரிசையில் பின்தள்ளப்படுகின்றன. மலாவியில் வாயிற்காவலாளியைப் பயிற்றியதன் பொருள் இதுதான்: அபாயத்தை முதலிற் கேட்பவர் எவரோ அவரே சிகிச்சையின் தொடக்கம். மலைநாட்டின் பல வைத்தியசாலைகளில் தமிழறிந்த ஊழியர் போதாமை நெடுநாளைய குறை. ஆண்டுதோறும் நடைபெறும் பயிற்சிகளின் நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன; வைத்தியருக்கு அது தடையன்று, தாதியருட் சிலருக்கும் சிற்றூழியர் பலருக்கும் தடையே.

கிறீனும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய சொற்களுட் சில வழக்கொழிந்தன. சில இன்றும் வாழ்கின்றன. பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளும் உள்ளன. சிறுவர் அவசர சிகிச்சைக்கு வேண்டிய சொற்கள் இருநூறைத் தாண்டா. அவற்றுட் பாதி, தாய்மார் நாவில் ஏற்கனவே வழங்குவன: இழுப்பு, முனகல், சோர்வு, வலிப்பு, நீலம்பாய்தல், சலம் மறித்தல். அபாயக் குறிகள் பத்தையும் மூன்று மொழிகளிலும் ஒரே தாளில் அச்சிட்டு, வெளிநோயாளர் பிரிவின் பதிவு மேசைக்கு மேலே, எழுதுவினைஞர் தலைநிமிர்ந்தாற் காணும் உயரத்தில் ஒட்டுவதற்கு வேண்டுவது, சிங்களமும் தமிழும் அறிந்த மருத்துவ மாணவர் நால்வரும் ஒரு விடுமுறைக் காலமுமே.